தோற்றவர்களுக்கு ஒரு பாட்டு

ஜூன் 4
விருந்தினர் விடுதி

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உலக விளையாட்டுப் போட்டிக்கான பாட்டு எது என்பது அறிவிப்புக்கு முன்னால் வெளியே தெரிந்துவிடக் கூடாதாம். கடிதம் எழுதலாம். ஆனால் பாதுகாப்பு அதிகாரி படித்துப் பார்த்த பிறகுதான் அது வண்டி ஏறும். அவர் மரியாதையானவர். என் கையெழுத்து அழகாக இருப்பதால் படிக்கச் சிரமமில்லை என்று சொல்லி எனக்கு ஆறுதல் அளித்தார்.

அறை நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னல் திறக்காது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு சுவர், அதில் குளிர்சாதனப் பெட்டிகளின் முதுகுகள். தரைவிரிப்பு தடிமனானது. நான் நடப்பது எனக்கே கேட்கவில்லை. அது என்னவோ சங்கடமாக இருக்கிறது.

குழுவில் நாங்கள் நான்கு பேர். தலைவர் ஒரு சினிமா இசையமைப்பாளர். அடுத்து ஒரு விளம்பரக்காரர். இன்னொருவர் பழைய நீச்சல் வீராங்கனை, வயது நாற்பது இருக்கலாம். வானொலி இசைக்களஞ்சியத்தில் இருந்தவன் என்பதால் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். வேறு யாரும் கிடைக்கவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சத்தம் புகாதபடி சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்த ஓர் அறையில் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டி உட்கார வைக்கிறார்கள். நான்கு பாட்டுகள் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கின்றன. அதற்கு மேல் நான் எழுதக் கூடாது.

ஒரு விஷயம் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். முதல் கூட்டத்தில் நான் வாய் திறந்தேன்! இசையமைப்பாளர், "மெஜாரிட்டி போதும்யா, சாயங்காலமே மூட்டையைக் கட்டிடலாம்" என்றார். மூவர் ஒரு பக்கமும் ஒருவர் ஒரு பக்கமும் நின்றால் அந்த ஒருவருக்கு மனம் கஷ்டப்படுமே என்று எனக்குத் தோன்றியது. "ஒருவேளை... ஒருமனதா எடுத்தா யாருக்கும் வருத்தம் இல்லாம இருக்குமோன்னு..." என்று இழுத்தேன். நீச்சல்காரப் பெண் கைதட்டினாள். "சூப்பர் சார், பத்திரிகைக்குச் சொல்றதுக்கும் அழகா இருக்கும்" என்றார் விளம்பரக்காரர். உடனே அதையே விதியாக எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு குழுவில் நான் சொன்னதை ஏற்றுக்கொண்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல்முறை.

இரண்டொரு நாளில் வந்துவிடுவேன். உன் முழங்கால் அறுவைச் சிகிச்சை பத்தொன்பதாம் தேதிதானே, நிறைய அவகாசம் இருக்கிறது. கூட இருந்து கையெழுத்துப் போட ரத்த உறவு ஒருவர் வேண்டும் என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொன்னதை மறக்கவில்லை. வலி மாத்திரை சிவப்பு டப்பாவில் இருக்கிறது. வெறும் வயிற்றில் போடாதே.

தம்பி

*

ஜூன் 6
வீடு

அன்புள்ள ஒருவேளைக்கு,

அப்பா வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன். அவர் ஒன்றும் தப்பாக வைக்கவில்லை.

உன் ரகசியத்தை நீ பூட்டி வைத்துக்கொள். இங்கே அந்த நான்கு பாட்டையும் தெருநாய்கூட மனப்பாடமாக வைத்திருக்கிறது. ஸ்டேடியத்தில் புதிதாக ஒலிபெருக்கி மாட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதைச் சோதிக்கிறார்களாம். காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி ஒன்று. நம் ஜன்னலுக்கும் ஸ்டேடியத்துக்கும் நடுவே ஒரு சாலைதான். கண்ணாடியை மூடினால் கண்ணாடியும் சேர்ந்து பாடுகிறது. கீழ்வீட்டில் குடிவந்திருக்கும் ஸ்பீக்கர்காரர்தான் எண்களைச் சொன்னார். "எங்களுக்கு யாரும் ரகசியம்னு சொல்லலியேம்மா" என்று தலையைச் சொறிகிறார். இந்தக் கடிதத்தை அவர்தான் உங்கள் அலுவலக வண்டியில் சேர்ப்பார்.

உன்னை அங்கே அடைத்து வைத்துக் கேட்பதை என்னிடம் கேட்டிருக்கலாம். சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒன்று, வங்கிக் கடன் விளம்பரம். ஊதுகுழல் ஊதி ஊதி வட்டி விகிதம் சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். இரண்டு, டமார் டமார் என்று அடி, "எழு, எழு, வென்றோம்" என்று கூட்டமாகக் கத்தல். மூன்று, குழலும் ஒரு பெண்ணின் முனகலும், வார்த்தை கிடையாது. நான்கு, குழந்தைகள். ஒவ்வொரு மொழியிலும் ஒரு வரி. எல்லா மொழியிலும் ஒரே பொய்.

மூன்றைத் தவிர எல்லாவற்றிலும் சிறகு வருகிறது. இதை எழுதுகிறவர்கள் யாராவது ஒரு நாளாவது ஓடியிருப்பார்களா? நான் பெண்கள் பள்ளியில் ஆயுள் முழுக்கப் பிள்ளைகளை ஓட வைத்தேன். ஒருத்திக்கும் சிறகு முளைக்கவில்லை. கொப்புளம்தான் வந்தது.

எனக்குப் பிடித்தது இரண்டுதான். சிரிக்காதே. அது வரும்போது எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறேன். இல்லாவிட்டால் நாற்காலியே கதி. மாடி இறங்க முடியவில்லை. லிப்ட் செத்துப் பல மாதம் ஆகிறது. நம் கட்டடத்தில் எல்லோரும் வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் காலி செய்துவிட்டார்கள். வாடகைக்கு வருகிறவர்கள் இன்னும் வரவில்லை. தெருவில் இரும்புத் தடுப்பு போட்டாயிற்று. மூன்றாம் மாடியில் நான் ஒருத்தி, கீழே ஸ்பீக்கர்காரர். அவரும் பகலில் இருப்பதில்லை.

விதி கிதி என்று நீ எழுதியிருப்பது எனக்கு நல்லதாகப் படவில்லை. எல்லோரும் எதற்குக் கையைத் தூக்குகிறார்களோ அதற்கு நீயும் தூக்கிவிட்டு வந்து சேர். உனக்கு அது பழக்கம்தானே.

அக்கா

*

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அதிகாரி மேலிடத்தைக் கேட்டுவிட்டு வந்து, "உள்ளேயிருந்து வெளிய போறதுக்குத்தான் சார் விதி. வெளியிலேயிருந்து உள்ள வர்றதுக்கு விதி எழுதலை. அவங்களுக்குத் தெரிஞ்சதை நீங்க தாராளமா எழுதலாம்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

முடியவில்லை, அக்கா. கையைத் தூக்க முடியவில்லை.

ஒன்றும் நான்கும் முதலிலேயே போயின. இரண்டாம் எண்ணுக்கு மூவரும் கை தூக்கினார்கள். நானும் தூக்குவதாகத்தான் இருந்தேன். கையை மேசை மேல் எடுத்து வைத்தேன். அது அங்கேயே கிடந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என் கையைப் பார்த்தேன்.

காரணம் கேட்டார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எங்கே தப்பென்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஒரே பாட்டைத்தான் தொடக்க விழாவிலும், வீரர்கள் உள்ளே வரும்போதும், ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் போடப் போகிறார்கள். ஒரு பந்தயத்தில் எட்டுப் பேர் ஓடுகிறார்கள். ஒருவர் ஜெயிக்கிறார். மற்ற ஏழு பேரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கும்போது தலைக்கு மேல் "வென்றோம், வென்றோம்" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அங்கே இருக்கிறவர்களில் பெரும்பாலோர் தோற்றவர்கள். பாட்டு அவர்களுக்கும் சேர்த்துத்தானே? மூன்றாம் எண்ணில் வார்த்தை இல்லை. அது யாரையும் விரலால் சுட்டுவதில்லை. ஒருவேளை அது பொருத்தமாக இருக்கலாம் என்றேன்.

இசையமைப்பாளர் ஹெட்போனைக் கழற்றினார். "தோத்தவனுக்குப் பாட்டு எதுக்குய்யா? அவன் பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போகட்டும்!" என்றார். விளம்பரக்காரர் சிரித்துவிட்டு, "சார், தோத்தவங்களுக்கு ஸ்பான்சர் கிடைக்க மாட்டாங்க" என்றார். நீச்சல்காரப் பெண் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை கூடுகிறோம். தினமும் மூன்று கைகள் ஏறி இறங்குகின்றன. விதியை மாற்றலாமே என்று இசையமைப்பாளர் கேட்டார். விதியை மாற்றவும் ஒருமனதான சம்மதம் வேண்டும், அதற்கு நான் சம்மதிக்கலாம்தானே என்றார். அதற்கும் என் கை எழவில்லை. யாருக்கும் வருத்தம் வரக் கூடாது என்று நான் கொண்டுவந்த விதிக்குள் இப்போது நான்கு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சாப்பாட்டு மேசையில் யாரும் என்னிடம் உப்பைக்கூடத் தள்ளுவதில்லை.

எனக்கு எப்போதும் என் கருத்துமேல் நம்பிக்கை இருந்ததில்லை. இப்போதும் இல்லை. மற்ற மூவரும் என்னைவிடப் பாட்டும் பந்தயமும் தெரிந்தவர்கள். அப்படியிருக்க ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்று புரியவில்லை. இது பிடிவாதமா, அல்லது கிழவயதில் வருகிற ஏதாவதா?

பத்தொன்பதாம் தேதிக்குள் எப்படியும் வந்துவிடுவேன்.

தம்பி

*

ஜூன் 13

தம்பிக்கு,

தப்பு எங்கே என்று கேட்டாய். சொல்கிறேன். உனக்குத் தோற்றவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதுதான் தப்பு.

நீ பந்தயத்துக்கே போனதில்லை. பள்ளியில் உன்னை ஓடச் சொன்னபோது, "ஒருவேளை நான் மத்தவங்களுக்கு இடைஞ்சலா இருப்பேனோ" என்று சொல்லிவிட்டு எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தோற்பதற்கு முதலில் ஓட வேண்டும்.

கடைசியாக வந்த பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன். ஈரச் சட்டையோடு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பும். அப்போது அந்தப் பிள்ளைக்கு உன் குழலா வேண்டும்? சத்தம் வேண்டும். காதைப் பிளக்கிற சத்தம். தான் அழுவது பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்கக் கூடாது. ஒரு வருஷம் எங்கள் மைதானத்து ஒலிபெருக்கி படுத்துவிட்டது. ஒரு பெண் எல்லைக் கோட்டில் விழுந்து அழுதாள். அந்த அமைதியில் அவள் விசும்பியது கடைசி வரிசைவரை கேட்டது. யாரோ ஒரு அம்மா "ஐயோ பாவம்" என்றாள். அந்த "ஐயோ பாவம்" கேட்ட பிறகு அந்தப் பெண் ஒருநாளும் ஓட வரவில்லை. நான் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். கதவைத் திறக்கவில்லை.

உன் மூன்றாம் எண் அந்த "ஐயோ பாவம்"தான். இசை போட்டுச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. நீ மெத்தை அறையில் ஹெட்போனில் கேட்கிறாய். நான் அசல் இடத்தில் கேட்கிறேன். எதிர் கேலரியில் மோதி அந்தப் பெண்ணின் முனகல் திரும்பி வரும்போது யாரோ வயிற்றுவலியில் புரள்வது மாதிரி இருக்கிறது. ஸ்பீக்கர்காரரைக் கேட்டேன். "ஆமாம்மா, அதைப் போட்டா எங்க பசங்க எல்லாம் டீ குடிக்கக் கிளம்பிடறானுங்க" என்றார்.

வலி பற்றி எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதாமலிருந்தால் கேட்டுக் கேட்டுக் கடிதம் போடுவாய். ராத்திரி கட்டிலில் படுப்பதில்லை. படுத்தால் எழுந்திருப்பது பெரிய வேலை. நாற்காலியிலேயே தூங்குகிறேன். பத்தொன்பதாம் தேதியை விட்டால் அடுத்த தேதி போட்டிகள் எல்லாம் முடிந்த பிறகுதான் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். படுக்கைகளை விளையாட்டுக்காரர்களுக்காக ஒதுக்கி வைக்கிறார்களாம். அதுவரை இந்த ஜன்னல், இந்த நாற்காலி, இந்த நான்கு பாட்டு.

உன்னைக் கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. உன் வாதம் தப்பு என்று சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு.

அக்கா

*

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு, உட்கார்ந்து, மறுபடி படித்தேன். நீ சொன்னது சரி என்று பட்டது. நான் தோற்றவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவரையும் நான் கேட்டதில்லை.

இன்று காலைக் கூட்டத்தில் இரண்டாம் எண்ணுக்குக் கையைத் தூக்கினேன்.

தூக்கும்போதே ஒரு குழப்பம். உன் வாதம் புரிந்து தூக்குகிறேனா, உன் முழங்காலுக்காகத் தூக்குகிறேனா, இல்லை, உப்பைத் தள்ளாத அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பயந்து தூக்குகிறேனா? எதுவென்று தெரியவில்லை. எதுவானாலும் கை மேலே இருந்தது. இசையமைப்பாளர் எழுந்து வந்து முதுகில் தட்டினார். விளம்பரக்காரர், "சார், உங்களைக் கட்டிப்பிடிக்கலாமா?" என்றார்.

அப்போதுதான் கவனித்தோம். நீச்சல்காரப் பெண்ணின் கை மேசைக்குக் கீழே இருந்தது.

"என்னம்மா, தூக்கும்மா. பெரியவரே தூக்கிட்டாரு" என்றார் இசையமைப்பாளர்.

"நான் தூக்கலை சார்."

"இத்தனை நாள் தூக்கினியே!"

"இவர் சொன்னதை யோசிச்சுக்கிட்டே தூக்கினேன். இன்னிக்கு யோசிச்சு முடிச்சிட்டேன்."

நான் சொன்னது தவறு, தோற்றவர்களுக்குச் சத்தம்தான் வேண்டுமாம், அவர்களைத் தூக்கிய என் அக்கா எழுதியிருக்கிறாள் என்று உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க அக்கா கடைசியா வந்திருக்காங்களா சார்?"

இல்லை என்றேன். நீ எப்போதும் முதலாவதாகத்தான் வருவாய் என்ற உண்மையைச் சொன்னேன்.

"நான் நாலாவதா வந்தேன். உலகப் போட்டியில. மேடைக்கு மூணு பேர்தான். பாட்டுப் போட்டாங்க, டம்மு டம்முன்னு. நான் தண்ணிக்குள்ள தலைய முக்கிட்டேன். அங்கயும் வந்துச்சு. தண்ணிக்குள்ள சத்தம் இன்னும் கிட்ட வரும், உங்களுக்குத் தெரியுமா? ஒளிஞ்சுக்க இடமே இல்ல சார். இத்தனை வருஷமா எனக்கு என்ன கோளாறுன்னு நினைச்சேன். நீங்க அன்னிக்குச் சொன்னப்புறம்தான் கோளாறு எங்கிட்ட இல்லைன்னு தெரிஞ்சது. இப்ப வந்து நீங்க மாத்திக்கிட்டா நான் என்ன செய்யறது?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

இசையமைப்பாளர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "நெருப்பைப் பத்த வெச்சதும் நீங்க, ஓடறதும் நீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நேராக அதிகாரியிடம் போனேன். பத்தொன்பதாம் தேதி ஒரு பகல் மட்டும் விடச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்றேன். உண்மையிலேயே வருந்தினார். "நீங்க வெளிய போனா குழு கலைஞ்ச மாதிரி சார். புதுசா ஆள் போட்டு முதல்லேருந்து தொடங்கணும்." ராஜினாமா செய்கிறேன் என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "செய்யலாம் சார். ஆனா அறிவிப்பு வர்ற வரைக்கும் இங்கதான் தங்கணும். பாட்டு உங்க தலைக்குள்ள இருக்கே" என்றார்.

மத்தியானம் வாசல்வரை நடந்து போனேன். கதவு திறந்தே இருந்தது. வெளியே வெயில், ஒரு வாடகைக் கார்கூட நின்றது. காவலர் எழுந்து வணக்கம் வைத்தார். நானும் வணக்கம் வைத்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் உன்னிடம் யாரோ என்னைக் கட்டிப்போட்டதாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அந்தப் பெண்ணை எப்படியாவது சம்மதிக்க வைக்க முயல்கிறேன். நாளையும் நாளை மறுநாளும் கூட்டம் இருக்கிறது. முடியாவிட்டால் நீ என்ன செய்வாய்?

தம்பி

*

ஜூன் 18

தம்பிக்கு,

நான் என்ன செய்வேன் என்றா கேட்கிறாய்? போவேன். நாளைக் காலை நானே போகிறேன். ரத்த உறவு எங்கே என்று கேட்டால், அதைப் பாட்டுக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன். என்னை உள்ளே விடாமல் எந்த வார்டு அம்மா தடுக்கிறாள் என்று பார்த்துவிடலாம். ஸ்பீக்கர்காரர் பத்து மணிக்கு வந்து இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். தடுப்புக்கு அந்தப் பக்கம் வாடகைக் கார் நிற்கும்.

அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்யாதே.

அக்கா

*

ஜூன் 20
வீடு

தம்பிக்கு,

மேலே "வீடு" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். பதறாதே. எலும்பு எதுவும் முறியவில்லை.

நேற்று நான் நேரத்தோடு தயாராகிவிட்டேன். பத்தாயிற்று, ஸ்பீக்கர்காரர் வரவில்லை. காத்திருக்கலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்து, குழந்தை இறங்குவது மாதிரி ஒவ்வொரு படியாக நகர்ந்தேன். ஒரு மாடி இறங்கிவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே திரும்புகிற இடத்தில் முழங்கால் பூட்டிக்கொண்டது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. அப்படி ஒரு வலி. கைபேசி நான் வைத்துக்கொண்டதே இல்லை, உனக்குத் தெரியும்.

கூப்பிட்டேன். விளையாட்டு ஆசிரியை குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் பிள்ளையை நிறுத்துகிற குரல் அது. ஒருவரும் வரவில்லை. ஏனென்றால் நேற்று அவர்களுக்கு ஏதோ பெரிய சோதனையாம். ஒரே பாட்டை நிறுத்தாமல், முழுச் சத்தத்தில், காலை முழுவதும். இரண்டாம் எண். படிக்கட்டுச் சுவரே அதிர்ந்தது. "எழு, எழு" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. அது ஒன்றுதான் என்னால் முடியவில்லை.

கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போனது. கார்க்காரன் ஹாரன் அடித்திருப்பான். அது எனக்குக் கேட்கவில்லை, நான் அவனுக்குக் கேட்கவில்லை. பிறகு அழுதேன். கடைசியாக எப்போது அழுதேன் என்று நினைவில்லை. நன்றாக, வாயைத் திறந்து அழுதேன். நான் உனக்கு எழுதியது சரிதான், தம்பி. அந்தச் சத்தம் பெரிய உதவி. நான் அழுதது எனக்கே கேட்கவில்லை. எந்த அம்மாவும் "ஐயோ பாவம்" சொல்லவில்லை. நான் உனக்கு எழுதாதது ஒன்று இருக்கிறது, ஏனென்றால் அது அப்போது எனக்குத் தெரியாது. அழுகை கேட்காத இடத்தில் கூப்பிடுவதும் கேட்காது.

சாப்பாட்டு வேளைக்குப் பாட்டை நிறுத்தினார்கள். அப்போதுதான் ஸ்பீக்கர்காரர் கீழே வந்தார். நான் ஒரு முறை இருமினேன், அவ்வளவுதான். மூன்று மூன்று படியாகத் தாவி ஓடிவந்தார்.

"என்னம்மா இங்க உக்காந்திருக்கீங்க?"

"காத்து வாங்கறேன். பத்து மணிக்கு வர்றேன்னீங்களே?"

"சோதனையை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. கூப்பிட்டிருக்கலாமே, ஜன்னல் பக்கம்தானே நின்னேன்!"

"கூப்பிட்டேன்."

அவர் என் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "வால்யூமைக் கூட்டினதே நாந்தாம்மா" என்றார். அதைச் சொல்லிவிட்டு என் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நல்ல மனுஷன். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

பிறகு அவரும் இன்னொரு ஆளும் நாற்காலியோடு என்னை மேலே தூக்கி வந்தார்கள். அவர் கைபேசியிலிருந்து மருத்துவமனையில் பேசினோம். நேரம் போய்விட்டது, படுக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்தாயிற்று, போட்டி முடிந்ததும் வாருங்கள் என்றார்கள்.

ஆகவே உனக்கு இனி அவசரம் எதுவும் இல்லை. என் முழங்காலுக்காக நீ தூக்கிய கையை இறக்கிக்கொள்ளலாம். மறுபடி தூக்குவதானால் உனக்குச் சரியென்று பட்டதற்குத் தூக்கு. எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். நானும் எங்கும் போகப் போவதில்லை.

உன் அக்கா கடைசியாக வந்திருக்கிறாளா என்று அந்தப் பெண் கேட்டாள் அல்லவா? வந்துவிட்டாள் என்று சொல். சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்லு. அவள் சிரிக்கக்கூடும். சிரித்தால் எனக்கு எழுது.

உங்கள் குழுவுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அதிகாரி இதைக் கோடு போட்டு அடிக்காமல் விட வேண்டும். எந்தப் பாட்டை வேண்டுமானாலும் வையுங்கள். நடுநடுவே நிறுத்துங்கள். யாராவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அக்கா